சுகிர்தாவின் நித்திரை வழக்கு

சுகிர்தா விழித்திருப்பது ஸ்காபரோவில். தூங்குவது கும்பகோணத்தில், பெரிய தெருவில் உள்ள ஒரு பாத்திரக் கடையில்.

கனடாவுக்கு வந்த முதல் இரவிலிருந்தே இப்படித்தான். அவள் பிறந்தது யாழ்ப்பாணத்துக் கோப்பாயில். கும்பகோணத்தை விழித்த கண்ணோடு ஒரு நாளும் பார்த்ததில்லை. ஸ்காபரோவில் கட்டிலில் சரிந்து கண்ணை மூடுவாள், கட்டில் காலியாகிவிடும். அதே நேரம் கும்பகோணத்தில், பித்தளை அண்டாக்களுக்கும் எவர்சில்வர் குடங்களுக்கும் நடுவே, தரையில் விரித்த கோரைப்பாயில் தூங்கிக்கொண்டிருப்பாள். இங்கே இரவென்றால் அங்கே பகல், வியாபார நேரம். சாமான் வாங்க வருகிறவர்கள் அவளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் இட்லிக் கொப்பரை பார்ப்பார்கள். விழிப்பு வரும்போது மறுபடியும் ஸ்காபரோக் கட்டில்.

ஊரின் பெயர் தெரிந்தது ஒரு மஞ்சள் பையால். தலைக்கு உயரமாக யாரோ அதை மடித்து வைத்திருந்தார்கள். தூக்கத்தில் இறுக்கிப் பிடித்திருந்ததால் அதுவும் கூடவே வந்துவிட்டது. கையில் பிடித்திருப்பதும் உடம்பில் கிடப்பதும் மட்டும்தான் அவளோடு போய் வரும். 'கலியபெருமாள் பாத்திர மாளிகை, பெரிய தெரு, கும்பகோணம்' என்று பையில் சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே தொலைபேசி எண்.

ஒருமுறை தடிமனும் இருமலுமாகப் படுத்தாள். எழும்பியபோது நெற்றியிலும் தொண்டையிலும் தைலம் பூசியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் தலையில் மல்லிகைச் சரம் இருக்கும். தீபாவளி நெருங்கினால் காதுக்குள் ஒரு 'கிர்ர்' மிச்சமிருக்கும்; பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மெஷினின் சத்தம் அது. அவளை அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

பகலில் அவளுக்கு வேலை ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்க்கிற ஒரு தொழிற்சாலையில். சூடு ஆறாத விரிப்புகளை நாள் முழுவதும் மடிப்பாள். மாலையில் மகள் ஆரபியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவாள். சமைப்பாள், கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், ஆரபி தூங்கிய பிறகு கதவைப் பூட்டிவிட்டுக் கும்பகோணம் போவாள்.

கணவன் கேதீஸ்வரன் பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தான். வேலை முடிந்து நடுச்சாமத்தில் வீட்டுக்கு வரும்போது கட்டிலில் அவள் தலையணையில் ஒரு குழி மட்டும் இருக்கும். கல்யாணமான புதிதில் அவன் அந்தக் குழியைக் கலைக்காமல் பக்கத்தில் படுத்தான். சில வருடம் கழித்துத் தலையணையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தான். போன பனிக்காலத்தில் பிரம்டனில் தன் தமையனுடைய வீட்டு நிலவறைக்குக் குடிபோனான். சண்டை எதுவும் நடக்கவில்லை. போகும்போது சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எனக்குக் களைச்சுப்போச்சு சுகிர்தா," என்று சொன்னான், அவ்வளவுதான்.

வசந்தத்தில் அவன் வழக்குப் போட்டான். ஆரபியைத் தன்னிடம் தரவேண்டும் என்பது வழக்கு. பிள்ளையின் தாய் ஒவ்வொரு இரவும் நாட்டை விட்டுப் போகிறாள், பிள்ளை வீட்டில் தனியே கிடக்கிறது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தான். அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அவன் எழுதியது குடும்ப நீதிமன்றத்திலிருந்து எல்லை அதிகாரிகளிடம் போனது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு காலையும் அதிகாரி எவர் முன்னாலும் தோன்றாமல் நாட்டுக்குள் நுழைந்தவள் என்று அவர்கள் சுகிர்தாமேல் குற்றம் சுமத்தினார்கள். குற்றம் என்று வந்ததும் குடிவரவுக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். கனடாவில் அவள் ஒரு முழு நாள்கூட வாழ்ந்ததில்லை, ஆகவே வதிவிட உரிமை செல்லாது, திருப்பி அனுப்பப்படுவாள் என்று அவர்கள் எழுதினார்கள்.

மூன்று கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சுகிர்தா மூண்டு கானா ஒபிசுக்குப் போனாள்.

அந்தச் சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகையில் 'குடிவரவு, குடும்பம், குற்றம்' என்று எழுதியிருக்கும். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஸ்காபரோத் தமிழர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாறிக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் ஒரு படி ஏறவேண்டும். உள்ளே ஒரே அறை, இரண்டு மேசை. ஒன்றில் பவளராணி, குடிவரவும் குற்றமும் அவளுடையவை. மற்றதில் மரியநாயகம், குடும்பம் அவருடையது. நடுவில் கட்சிக்காரருக்கு ஒரு சுழல் நாற்காலி. பேச்சு எந்தச் சட்டத்துக்குப் போகிறதோ அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொள்ளவேண்டும். அன்று திரும்பித் திரும்பிச் சுகிர்தாவுக்குத் தலை சுற்றியது.

பவளராணி குள்ளமான பெண். நீதிமன்றத்துக்குப் போகிற கறுப்பு அங்கியின் கீழே ஓட்டப் பந்தயக்காரர் போடுகிற சப்பாத்துப் போட்டிருப்பாள். மூன்று கடிதத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நித்திரை கொள்ளேக்கை பாஸ்போட் எங்கை இருக்கும், பிள்ளை?"

"மேசை லாச்சிக்குள்ளை அக்கா."

"இண்டையிலையிருந்து கையிலை பிடிச்சுக்கொண்டு படுங்கோ. வெளிநாட்டுக்குப் போறனீங்கள்."

இதுவரை இந்த விஷயத்தைக் கேட்டவர்கள் எல்லோரும், ஒரு டாக்டர் உட்பட, இரவில் பால் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். பாஸ்போட்டைப் பற்றி எவரும் கேட்டதில்லை. இவள் பார்த்துக்கொள்வாள் என்று சுகிர்தாவுக்குப் பட்டது.

"அந்தக் கடைக்கு ஃபோன் எடுத்திருக்கிறியளோ?" என்று பவளராணி கேட்டாள்.

"இல்லை அக்கா. எடுத்து என்னெண்டு கதைக்கிறது?"

பவளராணி பையில் இருந்த எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு ஓர் ஆண்குரல் கேட்டது.

"பாத்திர மாளிகைங்க."

"நான் கனடாவிலையிருந்து ஒரு சட்டத்தரணி கதைக்கிறன். உங்கடை கடையிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை நித்திரை கொள்ளுறவா."

"ஆமாங்க," என்றார் கலியபெருமாள். "காலையில கடை தொறந்து சாம்பிராணி போட்டதும் வரும். நல்ல பொண்ணுங்க. ஒரு தொந்தரவு கிடையாது. ஏங்க, அதுக்கு உடம்புக்கு எதுவும் இல்லியே?"

"உடம்புக்கு ஒண்டுமில்லை. வழக்கிருக்கு. நீங்கள் சாட்சி சொல்லவேணும்."

"சொல்றேங்க. நம்ம கடையில தூங்கற பொண்ணு, நாமதான் சொல்லணும்." பிறகு தயங்கி, "அது பேரு என்னங்க? எங்க வீட்ல வேதவல்லி கேட்டுக்கிட்டே இருக்கா," என்றார்.

பவளராணி தொலைபேசியைச் சுகிர்தாவிடம் நீட்டினாள். சுகிர்தா தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவர் அதை ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலை அவள் எழும்பியபோது கையில் ஒரு டம்ளர் இருந்தது. விளிம்பில் 'சுகிர்தா' என்று பெயர் வெட்டியிருந்தது.

மரியநாயகம் வேறு விதம். நல்ல உயரம், அகலம். குரல் மட்டும் பூனை நடக்கிற மாதிரி. ஸ்காபரோவில் பாதிக் குடும்பங்கள் பிரிந்ததும் கூடியதும் அவர் மேசையில்தான். சுகிர்தா இரண்டாம் தடவை ஆரபியையும் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் பிள்ளையைச் சுழல் நாற்காலியில் இருத்தி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்.

"ராத்திரியிலை தனிய இருக்கப் பயமில்லையோ, குஞ்சு?"

"அம்மா கும்பகோணத்திலைதானே," என்றாள் ஆரபி. "நான் சீரியலுக்குப் பால் ஊத்தேக்கை வந்திடுவா."

"எழும்பிப் பாத்தா ஆள் இல்லாட்டி?"

ஆரபி காலை ஊன்றி நாற்காலியை நிறுத்தினாள். "பயம்தான்," என்றாள். "ஆனா நான் அம்மாவுக்குச் சொல்லுறேல்லை. அவவுக்கு நித்திரை வராமப் போயிடும்."

மரியநாயகம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. மேசையைத் திறந்து பிள்ளைக்கு ஒரு டொபி எடுத்துக் கொடுத்தார். சுகிர்தா சன்னல் பக்கம் திரும்பிச் சாறிக் கடைக்காரன் வெளியே வாசலில் பொம்மைக்குச் சேலை உடுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்தில் முதல் தவணையன்று அரச தரப்பு வழக்கறிஞர் ஒரு நிபந்தனை கேட்டார். தடிமன் பிடித்த இளைஞர் அவர். மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். வழக்கு முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் ஒன்ராறியோ மாகாணத்துக்குள்தான் தூங்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வைக்கவேண்டும் என்றார். பவளராணி எழுந்து மறுத்தாள். அன்றைக்கு இருந்த நீதிபதி நிபந்தனையை விதித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போனார்.

சுகிர்தா தூங்குவதை நிறுத்தினாள்.

பவளராணியிடம் கேட்டால் தடுப்பாள் என்று சொல்லாமல் செய்தாள். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. சட்டம் சொன்னதைக் கேட்டால் பிள்ளை மிஞ்சும் என்று நினைத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். பச்சை மிளகாயைக் கடித்தாள். வேலையிடத்தில் சூடான விரிப்புகளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் கையை நீட்டி மடித்தாள். கண் செருகும்போதெல்லாம் எங்கேயோ குடம் உருளுகிற சத்தம் கேட்கும். நகத்தால் தன்னைக் கிள்ளிக்கொண்டு திரும்பி வருவாள். ஆரபி கணக்கில் சந்தேகம் கேட்டபோது ஏழும் எட்டும் எத்தனை என்று அவளுக்கு வரவில்லை. அங்கே கலியபெருமாள் பாயை விரித்து வைத்துவிட்டு, ஆள் வராததைக் கண்டு, பவளராணிக்கு ஃபோன் செய்தார்.

"பொண்ணு ரெண்டு நாளா வரலீங்களே. வேதவல்லி சாப்பிட மாட்டேங்கிறா."

பவளராணி அந்தச் சப்பாத்தோடேயே தொழிற்சாலைக்கு வந்தாள். நீராவிக்கும் விரிப்பு மலைகளுக்கும் நடுவே சுகிர்தாவைத் தேடிப் பிடித்து, முகவாயைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தாள்.

"ஆர் உம்மை முழிச்சிருக்கச் சொன்னது?" அவள் கோபப்பட்டதைச் சுகிர்தா கண்டது அந்த ஒரு தடவைதான். "கோட் சொன்னா நான் இருக்கிறன் கோட்டோடை சண்டை பிடிக்க. உம்மடை உடம்போடை நீர் என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறீர்?"

"பிள்ளையை எடுத்துப்போடுவினம் அக்கா."

பவளராணி ஒரு விரிப்பை எடுத்து மூலைக்கு மூலை சரியாக மடித்து வைத்தாள். பிறகு சாதாரணக் குரலுக்குத் திரும்பினாள்.

"நாளைக்குத் தவணை. இன்னும் இந்த ஒரு ராத்திரி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ. நித்திரையைக் கொட்டிப்போடாமல் அப்பிடியே கோட்டுக்குக் கொண்டுவாங்கோ. அது எனக்குத் தேவை."

மறுநாள் வேறொரு நீதிபதி இருந்தார். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். மூன்று விஷயமும் ஒரே கட்டிலில் நடந்தவை என்பதால் மூன்றையும் சேர்த்தே கேட்பதாகச் சொன்னார். அவருடைய நாற்காலியும் சுழல்வதுதான். ஒரு பக்கம் அரச தரப்பு, ஒரு பக்கம் குடிவரவுக்காரர், ஒரு பக்கம் கேதீஸ்வரன். அவன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு வந்திருந்தான். இப்போது தோளில் இறுக்கமாக இருந்தது. சுகிர்தாவைப் பார்த்ததும் பாதி எழுந்து பிறகு இருந்துகொண்டான்.

பவளராணி சுருக்கமாகத்தான் தொடங்கினாள். "கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் களைத்திருக்கிறார். இந்த மர வாங்கில் சாய அனுமதி வேண்டும்."

"சாயலாம்," என்றார் நீதிபதி.

மரியநாயகம் சுகிர்தாவின் கையில் பாஸ்போட்டை வைத்து விரல்களை மூடிவிட்டார். "படுங்கோ பிள்ளை. அங்கை லைட் போட்டு வைச்சிருக்கினம்," என்று காதருகே சொன்னார். வாங்கின் மரம் குளிர்ச்சியாக இருந்தது. அதுவரை சுகிர்தாவுக்கு ஞாபகம் இருக்கிறது. மிச்சத்தை மரியநாயகம் பின்னால் சொன்னார்.

வாங்கு காலியானதும் அரச தரப்பு வழக்கறிஞர் எழுந்து, நிபந்தனை இதோ மீறப்பட்டது, இந்த மன்றத்தின் கண்ணெதிரிலேயே மீறப்பட்டது என்றார்.

"ஓம். அதைத்தான் காட்ட வந்தேன்," என்றாள் பவளராணி. "மன்றம் பார்த்துக்கொண்டிருந்தது. காவலர் இருவர் வாசலில் நின்றார்கள். எவராலும் தடுக்க முடியவில்லை. முடியாத ஒன்றைச் செய்யும்படி ஒரு தாய்க்குக் கட்டளையிட்டால் அவள் அதைச் செய்ய முயல்வாள். மூன்று இரவாக முயன்றிருக்கிறாள். இனி என் சாட்சியைக் கூப்பிடுகிறேன்."

சுவரில் இருந்த திரை ஒளிர்ந்தது. கும்பகோணத்தில் கடை சாத்துகிற நேரம். கலியபெருமாள் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருமண்ணுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அடுக்கடுக்காகக் குடங்கள். அவற்றின் காலடியில் பாய். பாயில் சுகிர்தா தூங்கிக்கொண்டிருந்தாள். வேதவல்லி அப்போதுதான் போர்வையை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பத்தாங்க வந்துச்சு," என்றார் கலியபெருமாள், வாயருகே கையை வைத்து. "கொஞ்சம் மெதுவாப் பேசலாங்களா?"

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள். தட்டச்சுக்காரி விரல் நுனியால் தட்டினாள். அரச தரப்பு வழக்கறிஞர் தும்மல் வந்தபோது வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார். தன் வாதத்தைக் கிசுகிசுப்பாக வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் அதிகாரியைச் சந்திக்காமல் நாட்டுக்குள் வருகிறார், அது உண்மைதானே என்றார்.

"உண்மை," என்று பவளராணியும் கிசுகிசுத்தாள். "விமானத்தில் வருகிறவர் விமான நிலையத்தில் இறங்குகிறார். அங்கே அதிகாரி இருக்கிறார். என் கட்சிக்காரர் கட்டிலில் இறங்குகிறார். அங்கே ஒன்பது வருடமாக அதிகாரி இல்லை. வந்தவர் தன் இடத்தில் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறார். வராமல் இருந்தது அரசாங்கம்."

நீதிபதி பேனாவை மூடித் திறந்தார். குடிவரவுக்காரர் பக்கம் திரும்பி, ஒரு முழு நாள்கூட இங்கே வாழவில்லை என்கிறீர்களே என்று கேட்டார். பவளராணி அதற்கும் எழுந்தாள். "சட்டத்தில் ஒரு நாளின் துண்டும் நாள்தான். இந்தப் பெண் தன் நாட்களின் நல்ல துண்டை எல்லாம் இந்த நாட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். வேலை, வரி, பிள்ளை, பனி தள்ளுவது எல்லாம் இங்கேதான். அங்கே கொண்டுபோனது களைப்பை மட்டும்." இதைச் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். இருபது வருடமாக ஒரே அறையில் இருக்கிறேன், இன்னும் அவள் எழுந்தால் எனக்குக் கை வியர்க்கிறது என்று மரியநாயகம் சுகிர்தாவிடம் சொன்னார்.

கடைசியாக நாற்காலி கேதீஸ்வரன் பக்கம் திரும்பியது. அவன் இருக்கையில் இல்லை. எப்போதோ எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். காவலர் ஓரடி வைத்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் இவவின்ரை நித்திரை முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றான் கேதீஸ்வரன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு திரையைப் பார்த்துக் கேட்டான். "ஐயா, எப்பவும் இப்பிடித்தானோ, கன்னத்துக்குக் கீழை கையை வைச்சு?"

"எப்பவும் இடது கைதாங்க," என்றார் கலியபெருமாள்.

"குறட்டை?"

"சேச்சே. தூக்கத்துல எப்பவாவது பேசும். ஆரபி, சொக்ஸ் போடுன்னு சொல்லும். ஒருநாள், கேதீஸ் சாப்பிட்டாச்சான்னு கேட்டுச்சு. சாப்பிட்டாச்சும்மான்னு நான்தாங்க சொன்னேன். யாருன்னு தெரியல, ஆனா பதில் சொல்லலேன்னா அது தூக்கம் கெட்டுடுமேன்னு."

கேதீஸ்வரன் கோட்டின் பொத்தானைக் கழற்றினான். மரியநாயகம் எழுந்து போய் அவன் தோளில் கையை வைத்தார். எதிர்க்கட்சியின் தோள்தான், அவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

"உங்களுக்கு என்ன வேணும் தம்பி? நீதிபதி கேக்கிறா."

"பிள்ளை ராத்திரியிலை தனிய இருக்கக்கூடாது," என்றான். "அதுதான் என்ரை வழக்கு. வேறை ஒண்டுமில்லை. நான் வேலையைப் பகலுக்கு மாத்தி, ராத்திரியிலை அந்த வீட்டிலை வந்து இருக்கிறன். அவ போகேக்கை நான் வாறன்." பிறகு திரையைக் காட்டினான். "அந்த நேரம் இதைப் போட்டுவைக்க ஏலுமோ எண்டு அந்த ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்கோ."

கலியபெருமாள் ஒரு எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் செல்ஃபோனைச் சாய்த்து வைத்துக் காட்டினார். நன்றாக நின்றது.

சுகிர்தா விழித்தபோது வாங்கில் படுத்திருந்தாள். பாஸ்போட் கையில் இருந்தது. அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் எழும்பும்வரை தீர்ப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நீதிபதி அவள் தலைமுடியைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குரலில் வாசித்தார். பிள்ளை இருவருக்கும், தாய்க்குப் பகலும் தகப்பனுக்கு இரவும். வதிவிட உரிமை நிற்கும். குற்றம் தள்ளுபடி. சுகிர்தாவின் கட்டில் இன்று முதல் நாட்டின் நுழைவாயில்களில் ஒன்றாக அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொரு காலையும் ஓர் எல்லை அதிகாரி அங்கே கடமையில் இருப்பார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் சுகிர்தா பவளராணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பவளராணி ஒரு கையை உருவி, பைக்குள்ளிருந்து கடதாசியில் சுற்றிய மட்டன் ரோலை எடுத்துக் கடித்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"நல்லா நித்திரை கொண்டியளோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா."

"அதுதான் வேணும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வழக்குக்குப் படியேறிப் போனாள். மற்ற நீதிமன்ற அறையில் ஒருவனைக் கையைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அவள் கடைசி வாயை விழுங்கிக்கொண்டே அங்கியை இழுத்துவிட்டுக்கொள்வதைச் சுகிர்தா கீழே நின்று பார்த்தாள். சின்ன உருவம்தான். கண்ணாடிக் கதவு அவளுக்கு முன்னால் திறந்தபோது, கட்டடமே வழிவிட்டது போல இருந்தது.

அதிகாரியின் பெயர் டெரெக். மறுநாளே வந்துவிட்டார். கட்டிலருகே ஒரு மடக்கு நாற்காலி, மடியில் முத்திரைப் பெட்டி. அவள் கண்ணைத் திறந்ததும் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். கும்பகோணம் என்பாள். கொண்டுவந்தது ஏதாவது உண்டா என்று கேட்பார். வெள்ளிக்கிழமைகளில் மல்லிகையை அறிவிக்கவேண்டியிருந்தது. செடி கொடி வகை என்பதால் அவர் அதை வருத்தத்தோடு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைப்பார். கேதீஸ்வரன் இரவெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஃபோனை நிறுத்திவைத்துவிட்டு அதன் பக்கத்தில் தூங்கியிருப்பான். அவள் எழும்பும் சத்தம் கேட்டுத் தேத்தண்ணி வைப்பான். அவன் வேலைக்குப் புறப்படுவதற்குமுன் இருவரும் குசினியில் நின்றபடி ஒரு கோப்பை குடிப்பார்கள். "இண்டைக்கு வலப்பக்கம் திரும்பிப் படுத்தீர்," என்று சொல்வான். அவள், "அப்பிடியோ," என்பாள். ஆரபி பால் ஊற்றுவாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை சுகிர்தா கண்ணைத் திறந்தபோது அறையில் நெரிசலாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டிலிருந்து கதவு வரை ஒரு வரிசை. குளிருக்குப் பழகாத மெல்லிய சட்டைகளோடு ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு ஒரு பெண், தொப்பியைக் கையில் வைத்திருந்த ஒரு முதியவர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். அவர்கள் தூங்கி வந்தவர்கள் அல்ல, பயணம் செய்து இந்த நுழைவாயிலுக்கு வந்தவர்கள். டெரெக் ஒவ்வொருவரிடமும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். சுகிர்தா கால்களை மடக்கிச் சுவரோடு ஒதுங்கி, கைக்குழந்தைக்காரிக்கு இருக்க இடம் விட்டாள். கேதீஸ்வரன் வாசலில் தலையை நீட்டி எத்தனை தேத்தண்ணி என்று விரல்களால் கேட்டான்.

அவள் ஆட்களை எண்ணிச் சொன்னாள். அப்போது கட்டிலுக்கு அடியில் விமான நிலையத்துப் பெட்டிப் பட்டை போல ஏதோ லேசாக இரையத் தொடங்கியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆரபி சீரியல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவற்றை இழுத்து ஓரமாக அடுக்கினாள். பச்சை நாடா கட்டியது தன்னுடையது என்றார் முதியவர். அது இன்னும் வரவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.